பள்ளப் பக்கம் நின்று அளந்தவர்

பல்கலைக்கழகத்தின் காட்டியல் துறையில் அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பேராசிரியரிலிருந்து வாசல் கூட்டுகிறவர் வரைக்கும் அப்படித்தான். இருபத்தாறு வருஷமாக மரங்களின் இடுப்பில் டேப்பைச் சுற்றி, "எழுபத்திரண்டு! எழுபத்திநாலரை!" என்று ஏலக்காரர் மாதிரி கத்துவதுதான் அவர் வேலை. பதவியின் பெயர் களப்பணி உதவியாளர். சேரும்போதும் அதே, இப்போதும் அதே. அவரிடம் டேப்பு பிடிக்கக் கற்றுக்கொண்டு போன மூன்று பேர் பேராசிரியர்களாகிவிட்டார்கள். ஒருத்தருக்காவது அவர் வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று தெரியுமா? தெரியாது.

துறை இருப்பதே சின்னக் காட்டுக்காரர்களுக்காகத்தான் என்று வாசலில் பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள். அப்பன் வைத்த ஐந்து ஏக்கர், மாமனார் கொடுத்த ஒன்பது ஏக்கர் என்று மலைச்சரிவுகளில் மரம் வளர்க்கிற குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம். அவர்களுக்காக ஆராய்ச்சி, அவர்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு, அவர்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி முகாம். முகாம் என்றால் என்ன? ஒரு தொப்பி, ஒரு ஃபைல், இரண்டு பிஸ்கட், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. காட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விக்கு, "நல்ல கேள்வி, அப்புறம் பேசுவோம்" என்று பதில். டேப்புக்கு அந்தப் போட்டோக்களைப் பார்த்தாலே குமட்டும். குமட்டுகிறதே என்று ஒரு முகாமுக்காவது போகாமல் இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில் டேப்போடு நிற்பார்.

மரத்தைத் தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். டேப்பின் சட்டையில் இரண்டாவது பொத்தான் கச்சிதமாக அந்த உயரத்தில் வரும். அதனால் அளவுகோல் எடுத்துப் போவதையே அவர் விட்டுவிட்டார். பொத்தானுக்கு நேராக டேப்பைச் சுற்ற வேண்டியது, கத்த வேண்டியது. சமதரையில் இதில் ஒரு தப்பும் வராது. சரிவில் மட்டும் ஒரு விதி உண்டு. மரத்துக்கு மேட்டுப் பக்கம் ஏறி நின்றுதான் அளக்க வேண்டும். பள்ளப் பக்கம் நின்றால் நெஞ்சு கீழே போய்விடும். கீழே போகப் போக மரம் பருமன், அளவு கூடுதலாக வரும். முதல் வருஷப் பையனுக்குக்கூட இது பாலபாடம்.

பேராசிரியர் ஒரு சோதனை வைத்திருந்தார். சரிவில் இருக்கும் ஒரு காட்டில் பாதி மரத்தை வெட்டிக் கலைத்துவிடுவது, சமதரைக் காட்டைத் தொடாமல் அப்படியே விடுவது, நாலு வருஷம் கழித்து எது அதிகமாகப் பருக்கிறது என்று பார்ப்பது. முதல் அளவை டேப்பு மேட்டுப் பக்கம் ஏறி நின்று ஒழுங்காகத்தான் எடுத்தார். நாலாம் வருஷம் போனபோது, கலைத்த காட்டுக்குள் வெயில் விழுந்து முள்புதர் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது. நடைபாதை பள்ளப் பக்கம். உச்சி வெயில். மாணவர்கள் கால்சட்டை கிழியுமே என்று முனகினார்கள். "சரி விடுங்கப்பா, இங்கேருந்தே அளந்துடலாம்," என்று சொன்னது வேறு யாருமில்லை, சாட்சாத் டேப்புதான். முன்னூறு மரம். எல்லாம் அவர் கையெழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது.

அவ்வளவுதான். தொடாத காட்டைவிட மரங்கள் இரண்டு மடங்கு வேகமாகப் பருத்துவிட்டன என்று பேராசிரியர் துள்ளிக் குதித்தார். கட்டுரை வந்தது, பச்சை அட்டை போட்ட கையேடு வந்தது, 'பாதியை வெட்டுங்கள், மீதி பருக்கும்' என்று ஊர் ஊராக முகாம் நடந்தது. வகுப்பில் அதுவே பாடமும் ஆனது.

போன வருஷம் மரங்களில் துருப்பிடித்த எண் தகடுகளை மாற்ற டேப்பு தனியாக அந்தக் காட்டுக்குப் போனார். முள்ளையெல்லாம் யாரோ வெட்டியிருந்தார்கள். சும்மா இருக்காத கை, மேட்டுப் பக்கம் நின்று ஒரு மரத்தை அளந்தது. நோட்டில் எழுதியிருந்ததைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. அடுத்த மரமும் குறைவு. நாற்பது மரம் அளந்தார், நாற்பதும் இளைத்திருந்தன. மரம் எங்கேயாவது இளைக்குமா? அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மடங்கு வளர்ச்சி என்று தண்டோரா போட்டதெல்லாம் அவர் நின்ற இடத்தின் வித்தியாசம்தான்.

நேரே பேராசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

பேராசிரியர் கதவைச் சாத்தினார். "டேப்பு, கையேடு அச்சாகி எல்லார் கையிலயும் இருக்கு. இப்பப் போய்க் கிளறினா யாருக்கு லாபம்?"

"சார், ஜனங்க வெட்டிக்கிட்டிருக்காங்க சார்."

"மூணு சென்டிமீட்டருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒண்ணு மட்டும் சொல்றேன். நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்து. விசாரணைன்னு வந்தா முதல்ல யாரைக் கேப்பாங்க? யோசிச்சுக்குங்க."

டேப்பு யோசித்தார். யோசித்து வாயை மூடிக்கொண்டார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே சவரம் செய்தார், வேலைக்குப் போனார், சம்பளம் வாங்கினார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மேல்காட்டுக்காரர் தன் காட்டில் பாதியை வெட்டினார். அவர் டேப்பின் அக்காவுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், சரிவின் மேல்பாகம் முழுக்க அவருடையது. கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரி தவறாமல் வெட்டினார். நெருக்கமாக நிற்கிற மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றை மறைத்துக்கொள்ளும். பாதி போனதும் மீதி தனித்தனியாக நின்றது. காற்றுக் காலம் வந்தது. மூன்றே நாளில் முக்கால்வாசி மரம் வேரோடு சாய்ந்தது. துறை என்ன செய்தது தெரியுமா? கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து விழுந்த மரங்களைப் படம் பிடித்து, 'காற்றுச் சேதம்' என்று புதிதாக ஓர் ஆராய்ச்சிக்கு மனுப் போட்டது. த்தூ! எழவு வீட்டிலும் விளம்பரம். படுத்துக் கிடந்த அந்த மரங்களையும் டேப்புதான் அளந்தார்.

இந்த வருஷம் அக்கா போன் செய்தாள்.

"டேய், உங்க ஆளுங்க வந்து என் மரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிட்டாங்கடா. வெள்ளிக்கிழமை வெட்டு. மாதிரிக் காடாம், நாப்பது குடும்பத்தைக் கூப்பிட்டிருக்காங்களாம்!"

"அக்கா, நீ எதுக்குக்கா இதுக்கு ஒத்துக்கிட்டே? மேல்காட்டுல பாத்தியா இல்லையா?"

"அங்க காத்து அதிகம், உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க சார் சொன்னாரே. நீ இருக்கற இடமாச்சே, தப்பாவா சொல்லுவாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஒன்பது ஏக்கர். அக்காவும் மாமாவும் கல்யாணமான புதிதில் முதுகொடிய நட்டது. மாமா போய் ஆறு வருஷமாகிறது. இரண்டு பெண்களுக்கும் கொடுக்க அவளிடம் வேறு ஒன்றும் கிடையாது. டேப்பு, "வெள்ளிக்கிழமை வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் காட்டில் ஷாமியானா, மைக், தொப்பி, பிஸ்கட், எல்லாம் வந்து இறங்கின. ரம்பம் பிடிக்கிற ஆட்கள் நாலு பேர் வண்டியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது குடும்பமும் சரிவில் கிடைத்த இடத்தில் கால் ஊன்றி நின்றது. பேராசிரியர் அரை மணி நேரம் பேசிவிட்டு, "இப்ப நம்ம டேப்பு அளந்து காட்டுவார். இருபத்தாறு வருஷ அனுபவம்! கை தட்டுங்க!" என்றார். தட்டினார்கள்.

டேப்பு மேட்டுப் பக்கம் ஏறினார். பொத்தானுக்கு நேராகச் சுற்றினார். "அம்மா, நீங்களே படிங்க," என்று பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கூப்பிட்டார்.

"எண்பத்தொண்ணு," என்றாள் அவள்.

பள்ளப் பக்கம் இறங்கி அதே மரத்தை அதே பொத்தானுக்கு நேராகச் சுற்றினார். "இப்பப் படிங்க."

"எண்பத்தி நாலரை. அட, இதென்ன கூத்து!"

"கூத்துதாம்மா. நாலு வருஷத்துல மரம் பருத்துப்போச்சுன்னு கையேட்டுல போட்டிருக்கே, அது இந்தக் கூத்துதான். முதல்ல மேல நின்னு அளந்தேன், அப்புறம் கீழ நின்னு அளந்தேன். வெட்டினதால ஒரு மரமும் கூடப் பருக்கல. அளந்தவன் நான், எழுதினவன் நான்."

பேராசிரியர் மைக்கைப் பிடுங்கினார். "சின்னச் சின்ன வித்தியாசம் எந்த ஆராய்ச்சியிலயும்..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்," என்றாள் அக்கா. அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "டேய், நீ சொல்லு. வெட்டலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்க்கா. வெட்டினா காத்துக்கு நிக்காது."

அக்கா ரம்பக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "வண்டியை எடுங்கப்பா. இங்க வேலை இல்ல."

வண்டி கிளம்பியது. கூட்டம் சலசலத்தது. இரண்டு பேர் டேப்பின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "ஆம்பளைய்யா நீ!" என்றார் ஒருத்தர். பேராசிரியரின் மூஞ்சி செத்துப்போயிருந்தது. அதைப் பார்க்க டேப்புக்கு இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

பின்னாலிருந்து மேல்காட்டுக்காரர் வந்தார். கூட்டத்தை விலக்கவில்லை, அதுவே விலகியது. அவர் டேப்பைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல டேப்புக்கு ஒரு நொடி இருந்தது. இத்தனை பேர் முன்னால், இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"போன வருஷம், அண்ணே."

"போன வருஷம்னா? நான் வெட்டறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னாடி. ரெண்டு வாரம் முன்னாடி."

முதுகில் தட்டிக்கொடுத்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பேராசிரியர்கூடத் தலை குனிந்து ஃபைலைப் புரட்டினார். மேல்காட்டுக்காரர் அடிப்பார் என்று டேப்பு எதிர்பார்த்தார், அடித்துத் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் கையை ஓங்கவில்லை.

"என் காட்டுல விழுந்ததையெல்லாம் அளக்க வந்தே. அன்னிக்கு நான் பக்கத்துல நின்னு நம்பர் எழுதிக் குடுத்தேன். நீ ஒரு வார்த்தை பேசல. இது உங்கக்கா காடா இல்லாம இருந்திருந்தா, இன்னிக்கும் பேசியிருக்க மாட்டே. இல்லையா?"

டேப்பு அக்காவைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவர் என்ன தப்புப் பண்ணினாலும் அவள்தான் முன்னால் வந்து நின்று பேசுவாள்.

"கேக்கறாரில்ல," என்றாள் அக்கா. "பதில் சொல்லுடா."

"பேசியிருக்க மாட்டேன்," என்றார் அவர்.