கொசுக்காரியின் மேஜை

அச்சகத்தில் அவளைக் கொசுக்காரி என்பார்கள். பெயர் வைத்தவர் மாமனார், முதலாளியும் அவரே. அரபு எழுத்து வேலைகளை மருமகளாக வந்ததிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அமுக்காமல் வேலையைத் தொடமாட்டாள். அமுக்கியதும் எழுத்துகளுக்கிடையே புள்ளியும் அம்புமாகத் திரை முழுக்கக் கொசுக்கூட்டம் போல மொய்க்கும். தாளில் அவை அச்சாகாது. ஆனால் எந்த எழுத்து ஒட்டும், எந்த எண் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அவற்றின் பிடியில்.

அந்த மேஜைமேல் அவள் ஓரகத்தி சின்னவளுக்கு ஒரு கண். மாமனாரும் இடம் கொடுத்தார். "இந்த ஆஸ்பத்திரியோட அரபு போர்டைப் பிசகில்லாம முடி. மேஜை உனக்கு. அவ பைண்டிங்குக்குப் போகட்டும்."

சின்னவள் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"அக்கா இத்தன வருஷமா கொசு வளத்திருக்காங்க மாமா! ஒரே அமுக்குல எல்லாத்தையும் அழிச்சுட்டேன். கழுவி விட்ட மாதிரி இல்ல?"

மாதிரித் தாள் கொசுக்காரியின் கைக்கும் வந்தது. கோடு போட்டுப் பிரித்த ஆம்புலன்ஸ் எண்ணில் தலை வாலுக்கும் வால் தலைக்கும் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும், பலகை ஏறிய மறுநாளே சின்னவளின் கதை கந்தல். நினைக்கவே இனித்தது. ஆனால் அந்தப் பலகைக்கு முன்னால் யாரோ ஒருவர் அவசரத்தில் போனோடு நிற்பாரே. பாழாய்ப்போன மனசு விடவில்லை.

"மாமா, அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன். உங்க சின்ன மருமக கழுவின நம்பர்தானே."

போட்டார். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது போன்.

"அக்காதான் ஏதோ பண்ணிட்டாங்க!"

"ஆமாடி, உன் விரலப் புடிச்சு நான்தான் அமுக்கினேன். நகரு."

சின்னவளின் நாற்காலியை முழங்காலால் தள்ளிவிட்டு, பொத்தானை அமுக்கி, எண்ணின் இருபுறமும் திசைக்குறியை வைத்தாள். எண் புரண்டு நேராக நின்றது. இந்த முறை மறுமுனையில் மணி அடித்தது. மாமனார் போனை வைத்தார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

"ஒருத்தி அழிப்பா, ஒருத்தி அதட்டுவா. எனக்கு ரெண்டும் வேணாம். ஒரே மேஜைல ரெண்டு பேரும் உக்காருங்க. ஒருத்தி பாக்காம இன்னொருத்தி ஒண்ணும் அனுப்பக் கூடாது."

இப்போது ஒரு திரைக்கு இரண்டு நாற்காலி. சின்னவள் கொசுக்களை மறைப்பாள். கொசுக்காரி வரவழைப்பாள். டிக், டிக்.