மலைக்குப் போட்ட பூட்ஸ்

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வயலோரம் இருக்கும் மோட்டார் கொட்டகையில், சுவர் ஆணியில் ஒரு ஜோடி பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். என்னுடைய பூட்ஸ்தான். ஆறேழு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு மலை ஏறுவதற்காக அண்ணனுக்குக் கொடுத்தது. அடியில் ஒட்டிய கறுப்பு மண்ணைக்கூட அவர் தட்டவில்லை. நம் ஊர்க் களிமண் இல்லை அது, பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாவது முடித்திருந்தார். குத்தகை நிலம் கைவிட்டுப் போகக்கூடாதென்று அவர் வயலில் இறங்கினார். நான் கல்லூரிக்குப் போனேன், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனேன். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் கொஞ்சம் பயந்தாவது நடந்திருப்பேன்.

ஒரு மாதம் என்னோடு இருக்க அவர் இங்கிலாந்து வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மேலதிகாரி மலை ஏறக் கூப்பிட்டிருந்தார். பதவி உயர்வுக்காக நான் அவர் பின்னால் நாயாய் அலைந்துகொண்டிருந்த காலம். அண்ணனை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன், ஆனால் அவர் விடிவதற்கு முன்பே குளித்துத் திருநீறு பூசித் தயாராக உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. ஒரு நாள் கூத்துக்குப் புதிதாக எதற்கு என்று என் பழைய பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். சேற்றிலேயே நின்று விரிந்த பாதம் அவருடையது. திணித்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது.

“கொஞ்சம் பிடிக்குதுடா தம்பி.”

“போகப்போக சரியாயிடும்ணே” என்றேன். சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

போகும் வழியில் ஓர் இடிந்த கோட்டை இருந்தது. மூன்று சுவர், நடுவில் புல், வாசலில் டிக்கெட். அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, “தரங்கம்பாடியில டேனிஷ்காரன் கட்டினதே இதவிட ஜோரா இருக்கேடா. இதுக்குப் போயி டிக்கெட்டா?” என்றார். என்ன சொல்கிறார் என்று மேலதிகாரி கேட்டார். மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார் என்றேன். அண்ணனிடம், “வாய மூடிட்டு வாங்கண்ணே” என்றேன்.

எங்கள் சீமையில் மலை கிடையாது. சுவாமிமலையே மண்ணையும் கல்லையும் போட்டு எழுப்பியதுதான், ஏறினால் அறுபது படி. இந்த மலையோ பச்சைப் புல்லும் ஆடும் காற்றுமாக முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மேலே என்ன சாமி இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். ஒன்றுமில்லை, காற்றுதான் என்றேன். “காத்து வாங்கவா இம்புட்டு தூரம்?” என்று சிரித்தார். நொண்டிக்கொண்டேதான் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்காமல் மேலதிகாரியோடு முன்னால் நடந்தேன்.

பாதி மலையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அங்கே ஒரு சின்ன வாய்க்கால் கல்லும் புல்கட்டியுமாக அடைபட்டுத் தேங்கி நின்றிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அடைத்துக் கிடக்கும் வாய்க்காலைப் பார்த்தும் பாராமல் எவனும் தாண்டிப் போகமாட்டான். யாருடையது என்று கேட்கமாட்டான், குனிந்து இழுத்து விட்டுவிட்டுத்தான் போவான். மேட்டூர்த் தண்ணீருக்காக வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்து வளர்ந்த சாதி. அண்ணன் அந்த அடைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முழங்கைவரை சேறாக நிமிர்ந்து, “பாருடா தம்பி, தண்ணி எப்படி ஓடுதுன்னு!” என்றார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்திருக்கவில்லை.

அந்த அடைப்பு வேண்டுமென்றே போட்டது. மலை காய்ந்துவிடாமல் இருக்க ஊர்க்காரர்கள் வாரக்கணக்காகச் சுமந்து வந்து கட்டியது. மலையைக் கவனிக்கும் அதிகாரி ஓடி வந்தார். கத்தவில்லை. இவர் யார், உங்களோடு வந்தவரா என்று மட்டும் என்னைக் கேட்டார். மேலதிகாரியும் என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க ஊர்ல வேலைக்கு இருக்கும் ஆள். விவரம் பத்தாது. மன்னித்துவிடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று இப்போது படுகிறது.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது என் எண்ணம். பத்தாவதில் அவர் எழுதிய ஆங்கில நோட்டை வைத்துத்தான் நான் படித்தேன் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

இறங்கி வந்ததும் அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடைக்குள் போனோம். அண்ணன் உள்ளே வரவில்லை. “நீங்க சாப்பிடுங்க சார், நான் வெளியில இருக்கேன்” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். கண்ணாடி வழியே பார்த்தால், படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பெருவிரலிலும் ரத்தம். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு அடுத்த மாதமே வந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது, அந்த பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் போனபோது குறுவை நட்டிருந்தார்கள். ஏதாவது செய்து அவர் மனதில் இடம் பிடிக்க வேண்டுமென்று நானும் வெறுங்காலோடு வயலில் இறங்கினேன். ஒரு மடையில் தண்ணீர் வீணாக வெளியே போவதாக எனக்குத் தோன்றியது. மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வயலைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர் வரப்பில் ஓடி வந்தார். அந்த மடை வழியாகத்தான் அவர் வயலுக்குத் தண்ணீர் போகும், அன்றைக்கு அவருடைய முறை.

“எவன்யா மடைய அடைச்சது? யாருங்க இந்த ஆளு?” என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். “வேலைக்கு வந்த ஆளுங்க. விவரம் பத்தாது. மன்னிச்சுக்குங்க” என்றார்.

கூடப் பிறந்தவன் என்று நான் சொல்லியிருக்கலாம். அடைத்த மண்ணை இரண்டு கையாலும் வாரி எடுத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்து வயல்காரர் போனபிறகு அண்ணன் மோட்டார் கொட்டகைக்குள் போய், அந்த பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“போட்டுக்குங்க சார். வரப்புல முள்ளு கிடக்கு.”

போட்டுக்கொண்டேன். எனக்கு அளவு சரியாக இருந்தது.