மாடி அறையின் ஸ்கிரீன் கம்பி

கனடாவிலிருந்து விருத்தாசலத்துக்கு நான் திருகாணி கொண்டுபோனேன். சாக்லேட்டுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே, காலுறைக்குள் சுருட்டி வைத்து. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மறைத்துப் பயனில்லை. என் தம்பி குமார் இதற்குள் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டான். ஒரு நாள் வீடியோ காலில் குமாரின் மனைவி செல்வி பேசிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் மாடி அறையின் ஜன்னல் திரை ஒரு பக்கம் சரிந்து தொங்குவதைப் பார்த்தேன். கம்பியைத் தாங்கும் கிளாம்பு சுவரைவிட்டுப் பெயர்ந்து நின்றது. அது என் அறை. என் சம்பாத்தியத்தில் எழுப்பியது. நானே வந்து மாட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

டொராண்டோவுக்கு வெளியே நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் சுவரைத் தட்டினால் காலி டின்னைத் தட்டியதுபோல் சத்தம் வரும். செங்கல் கிடையாது. இரண்டு தாளுக்கு நடுவே சுண்ணாம்பு போல எதையோ வைத்து அழுத்திய பலகை, ட்ரைவால் என்பார்கள். வந்த புதிதில் ஊர் நினைப்பில் ஆணியடித்துத் திரையை மாட்டினேன். மறுநாள் காலையில் வெளிச்சத்துக்காக இழுத்தபோது கம்பி, கிளாம்பு, கையகலச் சுவர் எல்லாமாகச் சேர்ந்து என் தோளில் வந்து உட்கார்ந்தன. இரும்புக் கடைக்குப் போனேன். “உன் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?” என்று கடைக்காரர் கேட்டார். “ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம். நல்ல மனிதர்கள்” என்றேன். அவர் கேட்டது மரச்சட்டமா, வெற்றிடமா என்பதை. என்னைச் சற்றுநேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, றெக்கை வைத்த திருகாணி ஒன்றைத் தந்தார். றெக்கையை மடக்கி ஓட்டைக்குள் செலுத்தினால், பலகைக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் அது விரிந்து பிடித்துக்கொள்ளும். உள்ளே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கி நிற்பதற்கென்றே செய்த பொருள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாடு தரவேண்டிய முதல் பரிசு அதுதான்.

ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது ஒவ்வோர் ஓட்டையையும் பட்டி மாவு வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசிவிட்டுத்தான் போகவேண்டும். நாம் இருந்த தடயம் தெரியக்கூடாது. வீட்டுக்கு வீடு இப்படி என்னை நானே அழித்துக்கொண்டு போனதில், யாரையும் கேட்காமல் ஓட்டை போட எனக்கு ஒரு சுவர் இருக்கிறது, அது விருத்தாசலத்தில் இருக்கிறது என்பது மட்டுமே என் சொத்துப் பெருமிதமாக மிஞ்சியது.

ஊருக்குப் போன மறுநாள் காலையே குமாரின் டிரில்லிங் மிஷினோடு மாடியேறினேன். “எதுக்கு மாமா, ஒரு ஆள வுட்டு அடிச்சிக்கலாம். நீங்க குந்துங்க” என்றாள் செல்வி. குந்துவதற்கா வந்தேன்? றெக்கை நுழைய வேண்டுமே என்று பெரிய ஓட்டையாகப் போட்டேன். திருகாணியைச் செருகித் திருகினேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல செங்கல் சுவரில் காலியிடம் ஏது, றெக்கை எங்கே விரியும்? இன்னும் ஆழம் வேண்டுமோ என்று மேலும் துளைத்தேன். பூச்சு பாளமாகப் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.

குமார் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறான். பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், முழங்கை வரை வெள்ளை மண்ணோடு அறை வாசலில் நின்று, தலை முதல் கால் வரை சிவப்புத் தூளோடு நின்ற என்னைப் பார்த்தான்.

“இன்னாண்ணே, கெணறு வெட்டுறியா?”

திருகாணியைக் காட்டி விளக்கினேன். கையில் வாங்கி றெக்கையை இரண்டு தடவை மடக்கி விட்டான்.

“ஊரே மண்ணச் சுட்டுப் பொழைக்குது. இங்க பொறந்துட்டு, சுட்ட கல்லுக்குள்ள பட்டாம்பூச்சிய வுடுறியே.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். திட்டக்குடிலேர்ந்து ஒரு டீச்சரம்மா மாத்தலாயி வராங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. ரூமு பூட்டியேதான கெடக்குதுன்னு குடுக்கிறேன்னுட்டேன். வந்து பாத்துட்டும் போயிட்டாங்க.” கீழே கிடந்த பூச்சைக் காலால் ஒதுக்கிவிட்டு, “சொவரு நல்லா இருக்குதுன்னாங்க” என்றான்.

“நான் வந்தா?”

“ஹால்ல படுத்துக்க. ஏசி போட்டுட்டோம்ல.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கசந்தது. பூட்டிய அறையை வருஷக்கணக்காகப் பெருக்கியவள் செல்வி. நான் அதை நினைத்துக்கொண்டு மட்டும் இருந்தவன். நினைப்புக்கு யாரும் பட்டா தருவதில்லை. இருந்தாலும், என் அறையைப் பற்றி எனக்குத் தெரிவதற்கு முன்னால் திட்டக்குடியில் தெரிந்திருக்கிறது.

பிற்பகலில் நானே சிமெண்ட் குழைத்து ஓட்டையை அடைத்தேன். அது காய்ந்ததும் தள்ளி ஒரு சின்னத் துளை போட்டு, குமார் வாங்கிவந்த, செங்கல் சுவருக்கான பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, கிளாம்பை முடுக்கிக் கம்பியை மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. என் சொந்த வீட்டில் நான் உருப்படியாக மாட்டிய ஒரே திரை, குடிவரப் போகிறவர்களுக்காக. பச்சைச் சுவரில் அந்தச் சிமெண்ட் திட்டு சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அதன்மேல் பூச அதே பச்சை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கடைவீதியில் அலைந்தபோதுதான் உறைத்தது: அங்கே வீட்டைக் காலி செய்யும்போது செய்கிற வேலையை இங்கேயும் செய்துகொண்டிருக்கிறேன்.

கனடா திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, கம்பி உறுதியாக நிற்கிறதா என்று செல்வியிடம் பட்டும்படாமல் கேட்டேன்.

“அத டீச்சரம்மா கழட்டிட்டாங்க மாமா. ஸ்கிரீன் போட்டா காத்து வரலியாம். நல்ல கம்பியா இருக்குதேன்னு மொட்ட மாடியில துணி காயப் போட மாட்டிக்கிட்டாங்க.”