போராட்டத்துக்குப் பிடுங்கிய பயிர்

எங்கள் பக்கத்தில் விவசாயிகள் சங்கம் போராட்டத்துக்கு வெறுங்கையோடு போகாது. தண்ணீர் இல்லையென்றால் காய்ந்த பயிர், காட்டுப்பன்றி இறங்கினால் அது கடித்துப் போட்ட மக்காச்சோளம். அதிகாரியின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டால்தான் நமக்கும் தெம்பு, பேப்பர்காரர்களுக்கும் படம். சங்கத்தின் செயலாளராக இதை நானே பல தடவை முன்னின்று நடத்தியிருக்கிறேன். பெருமையாகத்தான் நடத்தினேன்.

போன வருஷம் மழை தள்ளிப்போனது. வன்னியம்பட்டிப் பக்கம் எங்கள் கண்மாய் வற்றி, நட்ட நெல் இலை சுருண்டு நின்றது. நிவாரணம் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போவதென்று கூட்டத்தில் முடிவானது. யார் வயலில் பிடுங்குவது என்ற பேச்சு வந்ததும், பச்சைத் துண்டு போட்ட அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். என் பயிரும் சுருண்டுதான் கிடந்தது. ஆனால் ஒரு மழை விழுந்தால் தப்பித்துவிடும் என்று எனக்கு நப்பாசை.

கடைமடையில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் எழுந்தார். புருஷனை இழந்தவர். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து உட்காருபவர்.

"எதுக்கு தம்பி இம்புட்டு யோசனை? என் வயல்ல பிடுங்கிக்கோங்க. எல்லாருக்கும் சேத்துத்தான கேக்கப் போறோம்."

கைதட்டினோம். ஒரு கட்டே போதுமாக இருந்தது. ஆனால் பார்க்கப் பெரிதாகத் தெரியட்டும், ஆளுக்கொரு கட்டு இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். மறுநாள் காலையில் ஆட்கள் இறங்கி அந்த அரை ஏக்கரையும் மொட்டையடித்தார்கள். அக்காவும் கூடவே பிடுங்கினார். தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். படமும் நன்றாக வந்தது.

அந்த வாரமே மேற்கு மலையில் இடி இடித்து மழை கொட்டியது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. சுருண்டு கிடந்த பயிரெல்லாம் இலை விரித்தது, என்னுடையதும்தான். பயிர் பிழைத்ததும் நிவாரணப் பேச்சு அடங்கிப் போனது. சுற்றிலும் பச்சை, கடைமடையில் அக்காவின் வயலில் மட்டும் வெறும் தண்ணீர். அதைப் பார்க்க வெட்கப்பட்டு, கண்மாய்க்கரையை விட்டுச் சுற்றுப்பாதையில் பைக்கை ஓட்டினேன்.

அக்காவின் வயலில் மறுபடி நட்டுக் கொடுப்போம் என்று நான் சங்கத்தில் பேச்செடுக்காமல் இல்லை. "பருவம் தப்பிருச்சே, இனிமே நட்டு என்ன செய்ய?" என்றார்கள். அது சரிதான். அப்படிச் சரியாகப் போனதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மழைக்குப் பிறகு என் வயலில் களை மண்டியது. ஆள் சொல்லிவிட்டிருந்தேன். கூலிக்கு வந்த பெண்களோடு அக்காவும் வந்திருந்தார். என் பயிரில் ஒன்றுகூட மிதிபடாமல் பார்த்துக் கால் வைத்துக் களை எடுத்தார். டீ கொண்டுபோனபோது, காட்டுப்பன்றித் தொல்லைக்காக அடுத்த வாரம் மறுபடி மனு கொடுக்கப் போகிறோம் என்று உளறிவைத்தேன்.

அவர் டம்ளரை வாங்காமல் யோசித்தார். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாரேன் தம்பி. ஆனா கொண்டுவர எங்கிட்ட பயிர் இல்லையே. வெறுங்கையோட வந்தா சங்கத்துல ஏதும் நெனைப்பாகளோ?"