கேமரா உறையும் ஒரு மேகமும்

இன்று ராயபுரத்தில் என் குட்டி கேமராவுக்கு உறை வாங்கினேன்.

அடுத்த வாரம் மூணாறு. சாத்தாங்காட்டில் இரும்புக்கடை போட்டபின், சரக்கு விஷயமாக இல்லாமல் நான் போகும் முதல் ஊர்.

பழக்கதோஷம். தகடு பார்ப்பதுபோல ஒவ்வொரு உறையையும் விரலால் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியான பெட்டியை எடுத்தேன்.

மூணாறு போவதை முன்பே சொல்லியிருந்தேன்; கடைக்காரர் சிரித்தார். “இன்னா நைனா, கேமராவ லாரில ஏத்தப் போறியா? நீ இத்த தொறக்கறதுக்குள்ள மலை மேல கீற மேகம் பூடும்.”

வெளியே கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. என் கண்ணுக்கு மட்டும் தேயிலைச் சரிவில் மேகம் இறங்கி, மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

பெட்டியை வைத்துவிட்டு, ஒரே பொத்தானில் திறக்கும் துணி உறையை எடுத்தேன்.

நானூறு சொன்னார். முந்நூறுக்கு முடித்தேன், குறைத்த நூறுக்கு ஒரு மேகப் படம் தருவதாகப் பேச்சு. இதில் நஷ்டம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.