பிரம்புகளைப் பூட்டி வைத்த வருஷம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. முப்பதுகளில் மயிலாப்பூரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தபோது என் நாற்காலி புதுக்கருக்கு மாறாமலே கிடந்தது. வராந்தாத் தரைதான் தேய்ந்தது. "நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ் கால்ல சக்கரம்னா கட்டியிருக்கு!" என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் சொல்வது என் காதிலேயே விழும். விழட்டுமே, எனக்கென்ன!

அந்த வருஷம் தசரா விடுமுறை முடிந்து திறந்தால், நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். நேரே கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்களுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்ததுகள், என்னைக் கண்டதும் எடுத்தன ஓட்டம். மீன்கூடையோடு நின்ற ஒருத்தி தன் மகளின் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். காலில் வரி வரியாகப் பிரம்புத் தடம். "படிக்க அனுப்புனா தோலை உரிச்சு அனுப்புறீங்கோ. அப்பால புள்ளைங்க இன்னாத்துக்கு வரும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஆசிரியர்கள் நால்வரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: பொங்கலுக்குள் ஓடிப்போன பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி வந்தாக வேண்டும், அதற்கு ஒரே வழி, யாரும் யார்மேலும் கை வைக்கக்கூடாது. எல்லாருடைய பிரம்பையும் வாங்கி அலமாரியில் பூட்டினேன். மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்பு நீளம் அதிகம், குறுக்காக வைக்க வேண்டியிருந்தது. "பிரம்பில்லாம பாடமா? பேஷ்! நாளைக்கு அதுகள் நம்மைப் பெஞ்சி மேல ஏத்தும், பாத்துண்டே இருங்கோ" என்றார். கோபம் வந்தால் என்ன செய்வது என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் கேட்டாள். அதற்கும் ஒரு விதி போட்டேன். பக்கத்து ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.

முதல் வாரம் கிணற்றடியில் ஒரே கூட்டம். "வயத்துக்குள்ள அலை அடிக்கறது. கட்டுமரம் விட வேண்டியதுதான் பாக்கி" என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தார் மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஆனாலும் குடித்தார்! அந்த மனிதர் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

சாயங்காலங்களில் குப்பத்தில் வீடு வீடாகப் போய் இனி அடி கிடையாது என்று சொல்லி வந்தோம். அந்த மீன்காரி மட்டும் லேசில் மசியவில்லை. "உன்னை நம்பி அனுப்புறேன் டீச்சரம்மா. இனிமே ஒரு அடி பட்டுச்சுன்னா இட்டுனு பூடுவேன். அப்பால நீ கெஞ்சினாலும் அனுப்ப மாட்டேன், ஆமா" என்றாள். அவள் மகள் மறுநாளே எண்ணெய் வழியத் தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாலாம் வகுப்பு, என் வகுப்பு. வரும் வழியில் உள்ள கடைப் பலகை எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாள்.

ஒவ்வொருவராக மற்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எனக்கோ நிம்மதி இல்லை. எங்கே யார் கையை ஓங்குகிறார்களோ என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தபடி இருந்தேன். கிணற்றடிப் பக்கம் நான் ஒருநாளும் போகவில்லை. எனக்கெதற்கு? விதி போட்டவளே நான்தானே.

மார்கழியில் இன்ஸ்பெக்டர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். மீன்காரியின் மகள் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுப் பலப்பத்தால் சிலேட்டைத் தட்டினாள். டக், டக், டக். நிறுத்தடி என்றேன். நிறுத்தினாள். கொஞ்சநேரத்தில் மறுபடியும் டக். முதுகில் அறை விழுந்த சத்தம் கேட்டது. அறைந்தது நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவள் அழவேயில்லை.

பக்கத்து அறையிலிருந்து மூன்றாம் வகுப்பு வாத்தியார் வந்து நின்றார். குத்திக்காட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "நீங்க போய் ஜலம் குடிச்சுட்டு வாங்கோ. கிளாஸை நான் பாத்துக்கறேன்" என்றார், அவ்வளவுதான். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மணி அடித்ததும் குப்பத்துக்குக் கிளம்பினேன். "இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு முதல்ல குழந்தைகிட்டப் பேசுங்கோ" என்று வாத்தியார் தடுத்தார். நாளை வரைக்குமா? அதுவரை இதை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்!

குப்பத்துச் சாலையோரம் மீன்காரி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சரம்மா, இம்மாந்தூரம்?" என்று தாய் சிரித்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு என்னுடையது, உன் மகளை அடித்துவிட்டேன், மன்னித்துக்கொள். சொல்லி முடித்ததும் அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அடிச்சியா? இது ஒண்ணியும் சொல்லலியே! கணக்கு அல்லாம் சரியாப் போட்டேன்னு இல்ல சொல்லினு இருந்துச்சு?" மகளை ஒருமுறை பார்த்தாள். "நாளையிலேர்ந்து என்னோட வந்து கூடை தூக்கட்டும்." எவ்வளவோ கெஞ்சினேன். அவள் தலை நிமிரவில்லை, மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார், நிறைந்திருந்த பெஞ்சிகளைப் பார்த்து என்னை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். மற்ற நால்வரும் பொங்கல் வரை பிரம்பைக் கேட்கவேயில்லை. ஆனால் நான் அடித்த அன்று சாயங்காலம், குப்பத்திலிருந்து திரும்பும்போது அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து என் புடவையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்:

"நான்தான் சொல்லாம இருந்தேனே டீச்சர். நீ இன்னாத்துக்குச் சொன்னே?"