அரையும் மூன்றில் ஒன்றும்

ஆயத்த ஆடைப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் துணி வெட்டியவள், முப்பத்தைந்து வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா. மொழிப்பாடம், ஓவியம், பாட்டு எதிலும் அவளைக் குறை சொல்ல முடியாது. கணக்கு என்றால் மட்டும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள்.

கணக்கு மிஸ் அவளைவிட இளையவள். பாடத்தை ஏழு நிமிட வீடியோவாக முதல் நாளே அனுப்பிவிடுவாள். அதை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால், வகுப்பில் விளையாட்டு மட்டும்தான். டெய்லர் அக்கா அடுப்படியில் மாவு டப்பாவில் போனைச் சாய்த்து, சத்தத்தை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள்.

"பாடம் பாத்தியா?" என்பான் கணவன்.

"பாத்தாச்சு."

உண்மையில் போன்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னப் பாடத்தன்று ஆளுக்கு இரண்டு அட்டை. ஒன்றில் சரியான கணக்கு, மற்றதில் வேண்டுமென்றே தப்பானது எழுத வேண்டும். தப்பை மற்றவர்கள் பிடிக்க வேண்டும். அவள் முறை வந்தது. முதல் அட்டையில், அரையும் அரையும் சேர்ந்தால் கால். அடுத்ததில், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு.

"அக்கா, ரெண்டுமே தப்பு! எங்களையே ஏமாத்தப் பாத்தீங்களே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சிரித்து மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"ரெண்டாவது சரின்னு நெனச்சுத்தான் எழுதினேன். வீடியோவும் பாக்கல மிஸ். ஒரு நாள்கூட."

மிஸ் அவள் கையில் சில காகிதப் பட்டைகளைக் கொடுத்தாள். "இத துணின்னு வச்சுக்குங்க அக்கா. அரையை முதல்ல மடிங்க."

மடித்தாள். இன்னொன்றை ஐந்தாக மடித்து, இரண்டு பங்கை அதன் பக்கத்தில் வைத்தாள். கண் விரிந்தது.

"அட, இது அரையவிடக் கம்மி! சேக்கச் சேக்கத் துணி சுருங்குமா?"

முதலில் சிரித்தது அவள்தான். பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "நானும் அது சரின்னுதான் நெனச்சேன் மிஸ்." இன்னும் மூன்று கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

"பிள்ளைங்களும் இங்கதான் வழுக்குவாங்க. உங்களுக்கு அந்த எடம் இப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள் மிஸ்.

அதன்பின் டெய்லர் அக்கா வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். புரியாததை எழுதிவந்து வகுப்பில் கேட்டு மிஸ்ஸைத் துளைத்தெடுத்தாள்.

ஆண்டு முடிவில் பலகையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். கணக்கில் அறுபத்தொன்று, தேர்ச்சி. விரலால் தன் வரிசையைத் தொட்டு இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.